ஜெட்டுகளுக்கு நடுவே ஒரு சிறு விமானம்: ஹூஸ்டன் ஹாபி, 2016 ஜூன் 9 (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

2016 ஜூன் 9 அன்று பிற்பகல் ஒரு மணி கடந்து சில நிமிடங்களில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரின் வில்லியம் பி. ஹாபி விமான நிலையத்தில் இறங்க முயன்றுகொண்டிருந்த சிரஸ் எஸ்.ஆர்.20 வகைச் சிறு விமானம் ஒன்று, நிலைய எல்லைக்கு வெளியே ஒரு கடையின் வாகன நிறுத்துமிடத்தில், ஆளில்லாமல் நின்ற கார் ஒன்றின் மேல் விழுந்தது. விமானியும் உடன் வந்த இருவரும் உயிரிழந்தனர். வானிலை தெளிவாக இருந்தது. எஞ்சினிலோ கட்டுப்பாட்டுக் கருவிகளிலோ விபத்துக்கு முந்தைய கோளாறு எதுவும் பின்னர் நடந்த விசாரணையில் தென்படவில்லை. வழக்கமான சந்தேகங்கள் எல்லாம் இப்படி விலகிவிடுவதால், எஞ்சியிருப்பது டவருக்கும் (நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம்) விமானத்துக்கும் இடையே கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாக நடந்த உரையாடலும், அந்த நேரத்தில் எடுக்கப்பட்ட சில முடிவுகளும்தான்.

எஸ்.ஆர்.20 நான்கு இருக்கைகளும் ஒற்றை எஞ்சினும் கொண்டது. விமானி தனியார் விமானி உரிமம் பெற்றவர். தொழில்முறை விமானி அல்லர். ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரிலிருந்து காலை பத்து மணிக்குப் பிறகு புறப்பட்டு, ஏறத்தாழ மூன்று மணி நேரம் பறந்து ஹூஸ்டனை அடைந்தார். பயணம் முழுவதும் கண்பார்வை விதிகளின்படி, அதாவது வெளியே பார்த்துப் பறக்கும் முறையில் அமைந்தது.

இவ்வளவு பெரிய நிலையத்துக்குள் இவ்வளவு சிறிய விமானத்தை ஏன் விடுகிறார்கள் என்று நம் வாசகர்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவில் கூட்டாட்சி நிதியுதவி பெற்ற விமான நிலையம் எதுவும் சிறு விமானங்களை நியாயமின்றி ஒதுக்க முடியாது. 1988இல் பாஸ்டனின் லோகன் விமான நிலையம், நெரிசலைக் குறைப்பதற்காக இறங்கு கட்டண முறையை மாற்றிச் சிறு விமானங்களின் மீது பெரும் சுமையை ஏற்றியபோது, கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறை அது பாரபட்சம் எனத் தீர்மானித்து அந்த முறையை நிறுத்தவைத்தது. ஆக, ஹாபிக்குள் வருவதற்கு இந்த விமானிக்கு முழு உரிமை இருந்தது. ஹாபியைச் சூழ்ந்த வான்வெளி மிகக் கண்டிப்பான ‘பி’ வகுப்பைச் சேர்ந்தது என்பதால், நுழைவதற்குக் கட்டுப்பாட்டாளரின் வெளிப்படையான அனுமதி தேவை. அதுவும் முறைப்படி கிடைத்திருந்தது. இந்த நிகழ்வில் யாரும் அத்துமீறி நுழையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அன்றைய காற்று

கிழக்கிலிருந்து, அதாவது 90 டிகிரியிலிருந்து, 13 நாட் வேகத்தில் காற்று வீசியது (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்). அவ்வப்போது 18 நாட் வரை எகிறியது. ஜெட் விமானங்கள் ஓடுபாதை 4இல் இறங்கிக்கொண்டிருந்தன. அந்த ஓடுபாதை வடகிழக்கு நோக்கியது. ஆகவே காற்று வலது முன்புறத்திலிருந்து வரும். கணக்கிட்டால் ஏறத்தாழ 8 நாட் எதிர்க்காற்று, 10 நாட் குறுக்குக் காற்று. எஸ்.ஆர்.20 விமானிக்கு இது கவனம் கேட்கும் காற்று, ஆனால் அச்சமூட்டும் காற்று அன்று.

இந்த விமானம் பின்னர் அனுப்பப்பட்ட ஓடுபாதை 35இன் கதை வேறு. அது வடக்கிலிருந்து சற்றே மேற்காகத் திரும்பியது. அதில் இறங்குபவருக்குக் கிழக்குக் காற்று முழுக்க முழுக்கக் குறுக்கே வரும். போதாததற்கு இரண்டு நாட் அளவுக்குப் பின்னாலிருந்தும் தள்ளும். வலப்புறச் சுற்றில், அதாவது ஓடுபாதையை ஒட்டிச் செவ்வகமாகச் சுற்றும் பாதையில், வந்து இறங்கினால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஓடுபாதைக்குக் கிழக்கே தெற்கு நோக்கிப் பறந்து, பின்னர் வலது பக்கம் திரும்பி மேற்கு நோக்கிப் ‘பேஸ்’ எனப்படும் குறுக்குக் கட்டத்தைக் கடக்கும்போது காற்று நேராக முதுகில் இருக்கும். 85 நாட் வேகத்தில் ஒரு கடல்மைல் பேஸைக் கடக்க அமைதியான காற்றில் 42 விநாடி ஆகும். பின்னால் 13 நாட் காற்று இருந்தால் 37 விநாடிதான். அந்த ஐந்து விநாடியில் இறங்கியிருக்க வேண்டிய அறுபது அடி இறங்காமலே நின்றுவிடும். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பியதும் எதிர்க்காற்று கைகொடுக்கும் என்றால், இங்கே அதுவும் இல்லை. 35இல் வந்தவர் ‘உயரமாக இருக்கிறேன்’ என்று மீண்டும் மீண்டும் சொல்ல நேர்ந்ததற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இதைக் கணக்கில் எடுக்காமல் அவருடைய திறமையை மட்டும் பேசுவது முறையாகாது.

முதல் முயற்சி: ஓடுபாதை 4

நிலையத்தை நெருங்கும் விமானங்களை வரிசைப்படுத்தும் அப்ரோச் கட்டுப்பாட்டாளரிடமிருந்து டவருக்கு மாறிய விமானிக்கு, முன்னே இறங்கிக்கொண்டிருந்த ஒரு போயிங் 737ஐப் பின்தொடர்ந்து ஓடுபாதை 4இல் இறங்க அனுமதி கிடைத்தது. அது பின்னால் விட்டுச்செல்லும் சுழல்காற்றைக் குறித்த எச்சரிக்கையும் கூடவே வந்தது. பின்னால் இன்னொரு 737. அது இவரைவிட 80 நாட் வேகமாக நெருங்கிவருகிறது என்றும், முடிந்தவரை வேகத்தைக் குறைக்காமல் வரும்படியும் டவர் கேட்டுக்கொண்டது.

80 நாட் வேக வேறுபாடு என்றால் 45 விநாடிக்கு ஒரு கடல்மைல் வீதம் இடைவெளி தேய்கிறது என்று பொருள். 737 போன்ற விமானம் இறுதிக்கட்டத்தில் 130, 140 நாட்டுக்கு வெகுவாகக் கீழே வர முடியாது. எஸ்.ஆர்.20 இறங்கும்போது எண்பதுக்கும் கீழே வந்தாக வேண்டும். வேகத்தோடு வந்தால் ஓடுபாதையின் மேல் மிதந்துகொண்டே போகும். ஒரே ஓடுபாதைக்கு இரண்டையும் வரிசையில் நிறுத்துவது, விரைவு ரயிலுக்கு முன்னால் பாசஞ்சர் வண்டியை விட்டு, அடுத்த நிலையத்துக்குள் அது ஒதுங்கிவிடும் என்று நம்புவதைப் போன்றது. பெரும்பாலான நாட்களில் ஒதுங்கிவிடுகிறது. அன்று ஒதுங்கவில்லை. இடைவெளி போதாது என்று கண்ட டவர், இறங்காமல் மேலேறும்படி, அதாவது கோ-அரவுண்ட் செய்யும்படி பணித்தது. இந்த முடிவு சரியானது. விமானி உடனே கீழ்ப்படிந்தார். அதுவும் சரியானது.

ஓடுபாதை 35க்கு மாற்றம்

இந்த இடத்தில் டவர் கட்டுப்பாட்டாளரின் முன் இரண்டு வழிகள் இருந்தன. விமானத்தை அப்ரோச்சிடம் திருப்பி அனுப்பி, சில மைல் தொலைவில் போதிய இடைவெளியோடு மறுபடி வரிசைப்படுத்தச் சொல்லலாம். அல்லது தன்னருகிலேயே சுற்றில் வைத்துக்கொண்டு, ஜெட்டுகளுக்கு நடுவே கிடைக்கும் இடுக்கில் நுழைக்கலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். அது பொறுப்பற்ற தேர்வு அன்று. சுற்றில் வைத்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும், திருப்பி அனுப்பினால் கால் மணி நேரம் கூடும். விமானிக்கு உதவுவதாகவே அவர் நினைத்திருக்கக்கூடும்.

ஆனால் சுற்றில் வைத்ததும் கட்டளைகள் பெருகின. ஓடுபாதைத் திசையிலேயே பற. வலப்புறச் சுற்றில் 35க்கு வா. இந்தத் திசைக்குத் திரும்பு. 4இல் இறங்கும் 737 கண்ணில் படுகிறதா. பட்டால் அதன் பின்னால் கடந்து 35க்கு நேராகப் போ. விமானி ஒவ்வொன்றையும் ஏற்றுத் திருப்பிச் சொன்னார். ஒரு கட்டத்தில், தான் வலது பேஸுக்குத் திரும்ப வேண்டுமா என்று கேட்டார். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பது இப்போது தனக்கே தெரியவில்லை, எப்படியாவது திரும்பி 35க்கு வாருங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. குழப்பத்துக்கு விமானி மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை, சரிசெய்துவிடலாம் என்றது டவர்.

பொதுவெளியில் கிடைக்கும் அந்த ஒலிப்பதிவைக் கேட்பவர்கள் பலரும் இந்த இடத்தில் இருவரின் பண்பையும் பாராட்டுவார்கள். எனக்கு இதுதான் பதிவிலேயே அதிகம் கவலை தரும் இடம். யாரும் குரலை உயர்த்தவில்லை, யாரும் எரிச்சல்படவில்லை. ஆகவே நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்பதை இரு தரப்புமே காதால் உணர வாய்ப்பில்லாமல் போயிற்று. அந்த மன்னிப்பைப் பணிவு என்று மட்டும் கேட்காமல், ‘என் கை நிறைந்துவிட்டது, இனி எதுவும் கொள்ளாது’ என்ற செய்தியாகவும் டவர் கேட்டிருக்க வேண்டும். விமானியும் மன்னிப்புக்குப் பதிலாக, என்னை வெளியே அனுப்புங்கள், நிதானமாகத் திரும்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

35ஐ நோக்கி வந்த அந்த அணுகலில் விமானம் உயரமாக இருந்தது. டவர் அதைச் சுட்டிக்காட்டியது. விமானி தாமே முடிவெடுத்துக் கோ-அரவுண்ட் செய்தார். இது இரண்டாவது.

மூன்றாம் அணுகல்

இதற்கிடையில் டவரில் அந்த இருக்கையில் ஆள் மாறினார். வேலை நேரம் மாறும்போது இயல்பாக நடப்பதுதான். ஆனால் புதிதாக அமர்ந்தவர் கையில் கிடைத்தது இரண்டு முறை இறங்க முடியாமற்போன விமானம். அதன் விமானி இதுவரை எவ்வளவு களைத்திருக்கிறார் என்பது கைமாற்றிக் கொடுக்கும் குறிப்புகளில் எழுதப்படும் விஷயமல்ல.

மீண்டும் வலப்புறச் சுற்றில், பின்காற்றோடு பேஸ், மீண்டும் உயரம். உயரமாகத் தோன்றினால் கட்டாயப்படுத்தி இறங்க வேண்டாம், மறுபடி சுற்றிலே சேர்த்துக்கொள்கிறோம் என்று புதிய கட்டுப்பாட்டாளர் சொன்னார். நல்ல வார்த்தை. விமானி சற்று முயன்று பார்த்துவிட்டு, அதிக உயரம்தான், மேலேறுகிறேன் என்றார். மூன்று முறையும் கோ-அரவுண்ட் என்ற முடிவில் பிழையே இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சரிசெய்ய முடியாத அணுகலை வலிந்து முடிக்கப் போய் ஓடுபாதையைத் தாண்டி ஓடியவர்களைவிட இவர் ஒழுங்காக நடந்துகொண்டார்.

மேலேறத் தொடங்கிய அந்த நொடிகளில் வந்த ஆணைதான் இந்த ஆய்வின் மையம். இடது பக்கம் திரும்பி ஓடுபாதை 4க்கான சுற்றில் சேருங்கள். தாழ்வாகவும் நெருக்கமாகவும் சுற்றுங்கள். இறுதிக்கட்டத்தில் வரும் 737க்கு முன்னால் உங்களை நுழைக்கப் பார்க்கிறேன். இல்லை, ஒருவேளை அதன் பின்னால்தான் விட வேண்டியிருக்கும். சுற்றிலேயே இருங்கள், அந்த 737ஐப் பார்த்ததும் சொல்லுங்கள். 4ஆகவும் இருக்கலாம், 35க்கே திருப்பவும் நேரலாம். பொருள் இதுதான், சொற்கள் இன்னும் நீளமானவை. இறுதி முடிவு ஒன்றுமில்லாத ஆணை இது. கேட்பவர் இரண்டு ஓடுபாதைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, வானில் ஒரு ஜெட்டையும் தேடிக்கொண்டு, இடது பக்கம் திரும்பவும் வேண்டும்.

அதே நொடிகளில் விமானி அறையில் நடக்க வேண்டியவை வேறு. முழு விசை கொடுத்ததும் மூக்கு மேலெழத் துடிக்கும்; அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். எஞ்சின் விசையால் விமானம் இடது பக்கம் இழுக்கும். வலது காலால் ரட்டரை (வாலிலுள்ள திசைத்தகடு) மிதிக்க வேண்டும். சிறகின் பின்விளிம்பில் முழுவதும் இறக்கியிருந்த ஃபிளாப்பைப் பாதியளவுக்கு ஏற்றி, வேகம் கூடும்வரை காத்திருந்து, அதன் பிறகே மீதியை ஏற்ற வேண்டும். ஃபிளாப் இறங்கியிருக்கும்போது மெதுவான வேகத்திலும் சிறகு தாங்கும். அதே வேகத்தில் ஃபிளாப்பை முழுக்க ஏற்றினால் தாங்காது. அத்தோடு சாய்ந்து திரும்பினால் சுமை கூடும்: 45 டிகிரிச் சாய்வில் ஸ்டால் வேகம், அதாவது சிறகு தாங்கும் திறனை இழக்கும் வேகம், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்கிறது, 60 டிகிரியில் ஐந்தில் இரண்டு பங்கு. கிழக்குக் காற்று இருந்ததால், இடது பக்கம் மேற்காகத் திரும்பியவருக்குத் தரை விரைவாக நகர்வதுபோலத் தெரியும். கண்ணை நம்பினால் வேகம் போதுமென்றே தோன்றும். வேகமானியைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 737ஐத் தேடும் கண் வேகமானியில் இருக்காது.

போதிய வேகம் சேரும் முன்பே ஃபிளாப் ஏற்றப்பட்டது. இடது பக்கம் சாய்ந்த நிலையில் விமானம் ஸ்டால் ஆகிச் சுழலத் தொடங்கியது. நேராக்குங்கள், நேராக்குங்கள் என்று டவரிலிருந்து பதறிய குரல் வந்தபோது நேரம் கடந்திருந்தது. சிரஸ் விமானங்களில் விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் உண்டு. ஆனால் சமநிலையில் பறக்கும்போது அது விரிவதற்குள் 400 அடி வரையிலும், ஒரு சுற்றுச் சுழலில் இருந்தால் 920 அடியும் உயரம் இழக்க நேரும் என்பது தயாரிப்பாளர் கையேட்டின் கணக்கு. கோ-அரவுண்ட் உயரத்தில் அந்த வசதி இல்லாததற்குச் சமம்.

விசாரணையின் முடிவு

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பாதுகாப்பான வேகத்தை உறுதிசெய்யாமல் ஃபிளாப்பை ஏற்றிய தவறான கோ-அரவுண்ட் செயல்முறையையே முதன்மைக் காரணமாக வைத்தது. அதோடு மூன்று துணைக் காரணங்களையும் சேர்த்தது: முதல் கட்டுப்பாட்டாளர் விமானத்தைச் சுற்றிலேயே வைத்திருக்க எடுத்த முடிவு, இரண்டாம் கட்டுப்பாட்டாளர் நெருக்கடியான கட்டத்தில் தேவையின்றிச் சிக்கலான ஆணை பிறப்பித்தது, விமானி தம் நிலையை உறுதியாக எடுத்துச் சொல்லாதது.

கடைசிக் காரணத்தைப் பலர் குணக்குறையாகப் படிக்கிறார்கள். நான் அதைப் பயிற்சிக் குறையாகவே பார்க்கிறேன். சிறு நிலையங்களில் பறக்கக் கற்றவர்களுக்குக் கட்டுப்பாட்டாளரின் சொல் ஆணையாகவே பதிந்துவிடுகிறது. விமானத்தைப் பற்றிய இறுதிப் பொறுப்பும் அதிகாரமும் விமானியுடையவை என்று அமெரிக்க விதி சொல்கிறது. ‘அனேபிள்’ (இயலாது) என்ற ஒற்றைச் சொல்லால், நிறைவேற்ற இயலாத ஆணையை மறுக்கலாம். விதியைத் தேர்வுக்காகப் படித்தவர் எல்லோருக்கும் தெரியும். நேரடியாக, அவசரமாகப் பேசும் ஒரு டவரிடம் அந்தச் சொல்லை ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பழகியவர்கள் குறைவு.

எங்கே மாறியிருக்கலாம்

கடைசி நொடிகளில் தவிர்த்திருக்கலாம் என்று பேசுவது எளிது. எனினும் திருப்பக்கூடிய இடம் முன்னாலேயே இருந்தது என்பது என் கருத்து. முதல் கோ-அரவுண்டுக்குப் பிறகு விமானத்தை அப்ரோச்சிடம் அனுப்பியிருந்தால், பின்வந்த குழப்பம் எதற்கும் இடமிருந்திராது. 35ஐத் தரும்போது காற்றையும் சேர்த்தே டவர் சொன்னது. கேட்டவர் அதை ஓடுபாதைத் திசையோடு பொருத்திப் பார்த்து, குறுக்குக் காற்று வேண்டாம், 4க்கே காத்திருக்கிறேன் என்று சொல்ல ஒரு விநாடி இருந்தது. ஹாபியில் தென்கிழக்கு நோக்கிய ஓடுபாதைகளும் இருந்தன. அந்தக் காற்றுக்கு அவை இன்னும் பொருத்தம். புறப்பாடுகளோடு மோதாமல் அவற்றைக் கொடுப்பது டவருக்குத் தலைவலிதான். ஆனால் கேட்பதற்குத் தடையில்லை.

டவர் தரப்பில் மாற வேண்டியது ஒன்று மிகத் தெளிவு. கோ-அரவுண்ட் செய்யும் சிறு விமானத்துக்கு முதலில் சொல்ல வேண்டியது ஓடுபாதைத் திசையில் நேராக மேலேறு என்பது மட்டுமே. ஆயிரம் அடிக்கு மேல், விமானம் சமநிலைக்கு வந்த பிறகு திசையைச் சொல்லலாம். வரிசை எண், எதிரே வரும் ஜெட், ஓடுபாதை எண் எல்லாம் அதற்கும் பிறகு. இன்னும் முடிவாகாத திட்டத்தை விமானியோடு சேர்ந்து உரக்கச் சிந்திப்பது கட்டுப்பாட்டாளருக்கு வெளிப்படைத்தன்மையாகத் தோன்றலாம். கேட்பவருக்கு அது ஐந்து ஆணைகள்.

விமானி தரப்பில், பெரிய நிலையத்துக்குப் போவதா வேண்டாமா என்பதைப் புறப்படும் முன்பே எடைபோட வேண்டும். ஹாபிக்குத் தெற்கே சில மைலில் பியர்லாந்து, தென்கிழக்கே எல்லிங்டன், நகரின் தென்மேற்கே சுகர் லேண்ட் என இறங்குமிடங்கள் உண்டு. அங்கிருந்து காரில் போனால் கூடுவது கொஞ்ச நேரம்தான். பெரிய நிலையமே வேண்டுமென்றால், இறுதிக்கட்டத்தில் இரண்டு மைல் வரை 110, 120 நாட்டில் வந்து, பிறகு வேகத்தைக் குறைத்து நிலைப்படுத்திக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். அதையும் ஒரு பயிற்சியாளரோடு முன்கூட்டியே பழக வேண்டும். கோ-அரவுண்டைச் சோம்பலான ஒரு மாலையில் வெறும் ஓடுபாதையில் பயின்றால் போதாது. பயிற்சியாளர் வலது இருக்கையில் அமர்ந்து, ஃபிளாப்பில் கை வைக்கும் அதே நொடியில் ஓடுபாதை மாற்றத்தையும் எதிரே வரும் விமானத்தையும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மாணவர் பதில் சொல்லாமல் முதலில் மூக்கை அழுத்தினால் தேர்ச்சி.

என் மாணவர்களிடம் நான் இப்போது கேட்பது, முழங்காலில் கட்டும் குறிப்பேட்டில் புறப்படும் முன் மூன்று வரிகளை எழுதிக்கொள்ளச் சொல்வது. ஏற்கத்தக்க குறுக்குக் காற்று எத்தனை நாட். எத்தனையாவது கோ-அரவுண்டோடு இந்த நிலையத்தை விட்டு விலகுவது. நான் இரண்டு என்கிறேன். விலகினால் எந்த நிலையம், எந்தத் திசை, எந்த வானொலி அலைவரிசை. மூன்றாவது வரியைப் பென்சிலால் எழுதாதீர்கள் என்றும் சொல்வதுண்டு. வெயிலடிக்கும் விமானி அறையில் பென்சில் எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை.